டெல்லி எய்ம்ஸின் இதயப் பிரிவு: வரலாற்றை எங்கிருந்து எண்ணுவது?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் இதயப் பிரிவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1994 ஆகஸ்ட் 3ஆம் தேதியை முன்னால் வைப்பார்கள். அன்றுதான் டாக்டர் பி. வேணுகோபால் தலைமையிலான குழு நம் நாட்டின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்து முடித்தது. அது பெரிய காரியம், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் இதய நோய்ச் சிகிச்சையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் அந்தப் பிரிவின் வரலாற்றை வேறு இடத்திலிருந்து எண்ணுகிறேன். ஒரு தேசத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் மருத்துவமனை, வெளிநாட்டில் நடந்ததை இங்கே முதலில் செய்து காட்டியதா என்பது இரண்டாவது கேள்வி. தன் வாசலில் வந்து நிற்கும் நோயாளியின் நோய் எதுவோ, அந்த நோயைப் பற்றி உலகம் கேட்காத கேள்வியை அது கேட்டதா, பதிலைத் தேடிக் கண்டதா என்பதுதான் முதல் கேள்வி. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எய்ம்ஸின் இதய வரலாற்றில் சிறந்த பக்கங்கள் பலருக்கும் தெரியாத பக்கங்களே. பெயர் வாங்கித் தந்த சில பக்கங்கள் அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

நிறுவனம் எதற்காக உண்டானது என்பதிலிருந்து தொடங்கலாம். 1946இல் போர் (Bhore) குழு, நாடு முழுவதற்கும் மருத்துவ ஆசிரியர்களை உருவாக்கித் தரும் ஒரு மத்திய நிறுவனம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ருத் கௌர் விடாமல் முயன்றார். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் எய்ம்ஸ் பிறந்தது. ஆக, அது நோயாளிகளைக் கவனிக்க மட்டும் கட்டப்பட்ட இடம் அல்ல. கற்றுக்கொடுக்கவும், இந்த நாட்டுக்கு எது பொருந்தும் என்று சோதித்துச் சொல்லவும் கட்டப்பட்டது. இதயப் பிரிவை சுஜாய் பி. ராய் வளர்த்தெடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய அறுவையின் ஆரம்ப காலத்திலேயே கை பழகிய என். கோபிநாத் பின்னர் எய்ம்ஸ் வந்து அறுவைப் பிரிவைக் கட்டினார். குழந்தைகளின் இதய நோய்க்கு ராஜேந்திர டாண்டன் அடித்தளம் போட்டார். அதே ஊரில், பர்மாவிலிருந்து வந்த எஸ். பத்மாவதி 1950களிலேயே லேடி ஹார்டிங் கல்லூரியில் இதய ஊடுகுழாய்ப் பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கியிருந்தார். பின்னர் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலும் இதயப் பிரிவை நிறுவினார். ஆக, எய்ம்ஸ் தனிமரம் அல்ல. ஊர் முழுவதும் அப்போது இந்தத் துறையைக் கற்றுக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் எய்ம்ஸ் வாசலில் நின்றவர்களில் பலர் இளைஞர்கள், சிறுவர்கள், கர்ப்பிணிகள். உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். அவர்களுக்கு இருந்தது ருமாட்டிக் இதய நோய். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலி, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு மாறி மூட்டு வீங்கும் காய்ச்சல், பிறகு ஆண்டுக்கணக்கில் அமைதி, கடைசியில் மூச்சு வாங்குதல். கிருமி இதயத்தைத் தொடுவதே இல்லை. அதை எதிர்க்க எழுந்த உடலின் படையே வால்வைத் தாக்குகிறது. இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலிருக்கும் மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களும் விளிம்பில் ஒட்டிக்கொள்கின்றன. நான்கிலிருந்து ஆறு சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய வாசல் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுருங்குகிறது. இரத்தம் பின்னால் தேங்குகிறது, நுரையீரல் நனைகிறது. கர்ப்பத்தின் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் பெண்ணின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாதவள் அந்த மாதத்தில்தான் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி இரவைக் கழிக்கிறாள்.

இந்த நோயைக் கண்டுபிடிக்க அன்று பெரிய கருவி எதுவும் இல்லை, தேவைப்படவும் இல்லை. நோயாளியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பின் குழிந்த முனையை இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தில் அழுத்தாமல் வைத்துக் கேட்க வேண்டும். முதல் ஒலி வழக்கத்தைவிட உரக்கக் கேட்கும். இரண்டாம் ஒலிக்குச் சற்றுப் பின்னால் சிறிய சொடுக்கு ஒன்று வரும், அது இறுகிய வால்வு திறக்கும் ஓசை. அதைத் தொடர்ந்து தாழ்ந்த உறுமல். அழுத்திப் பிடித்தால் அந்த உறுமல் மறைந்துவிடும். இரண்டாம் ஒலிக்கும் சொடுக்குக்கும் இடைவெளி குறையக் குறைய வால்வு அதிகம் இறுகியிருக்கிறது என்று பொருள். இதயத்தை ஒலியலையால் படம் பிடிக்கும் எக்கோ வந்த பிறகு இந்தக் காதுப் பழக்கம் எங்கள் தொழிலில் தேய்ந்துவருகிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனெனில் எக்கோ இல்லாத ஊர்களில்தான் இந்த நோய் இன்றும் இருக்கிறது.

இங்கேதான் எய்ம்ஸின் முதல் பெரிய பங்களிப்பு வருகிறது. மேலைநாட்டுப் பாடப்புத்தகங்கள் அன்று சொன்னது இதுதான்: சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வரும், வால்வு மெல்ல மெல்ல இறுகும், தொந்தரவு தெரிவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் ஆகும், ஆக மைட்ரல் சுருக்கம் நடுவயதின் நோய். அந்தப் புத்தகத்தைப் படித்த இந்திய மருத்துவர், மூச்சு வாங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அந்த நோயைத் தேடியிருக்க மாட்டார். 1963இல் சுஜாய் ராய், எம்.எல். பாட்டியா, லாசரோ, நோயியல் வல்லுநர் வி. ராமலிங்கசுவாமி ஆகியோர் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்தியாவில் இருபது வயதுக்குள்ளேயே மைட்ரல் வால்வு கடுமையாக இறுகிவிடுவதை நோயாளிகளைக் காட்டி நிறுவியது. புத்தகத்தில் இருப்பது பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அது வேறொரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்றார்கள். இங்கே கிருமி திரும்பத் திரும்பத் தாக்குகிறது, வீடு நெருக்கமானது, பெனிசிலின் ஊசி போட ஆளில்லை. ஆகவே நோயின் நடையே வேகமானது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு பதினாறு வயதுப் பையனின் வால்வைத் திறக்கலாமா என்று தயங்க வேண்டியதில்லை. நம் நாட்டு இதய மருத்துவத்துக்கு ஒரு தொடக்கத் தேதி வேண்டும் என்றால் நான் இந்த 1963ஐத்தான் குறிப்பேன்.

கண்டுபிடித்தால் போதாது, திறந்துவிட வேண்டும். இதயத்தை நிறுத்தி, இரத்தத்தை எந்திரத்தின் வழியே ஓட்டிச் செய்யும் திறந்த அறுவை அன்று அரிது, செலவும் அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் இதயத்திலேயே விரலையோ விரிப்பானையோ நுழைத்து ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் மூடிய அறுவையை மேலைநாடுகள் ஒரு கட்டத்தில் கைவிட்டன. நாம் விடவில்லை, விட்டிருந்தால் பெரும் தவறாகியிருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவினரும் அப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரத்தை 1983இல் சர்க்குலேஷன் இதழில் வெளியிட்டார்கள். நீண்ட காலம் தொடர்ந்து கவனித்துக் கணக்கு வைத்த அந்தக் கட்டுரை, எந்திரமில்லாத எளிய அறுவை இத்தனை பேரை இத்தனை ஆண்டு நடமாட வைத்தது என்று உலகத்துக்குச் சொன்னது. பாரம்பரியம் என்று நான் சொல்வது இதைத்தான். வேலூரில் கற்றவர் டெல்லிக்குப் போனார், டெல்லியில் கற்றவர்கள் நாடெங்கும் போனார்கள்.

அடுத்த படி பலூன். 1985இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் பாஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் லாக்கும், டெல்லியின் கலீலுல்லா, சாவித்ரி ஸ்ரீவஸ்தவா, வினய் பால் ஆகியோரும் சேர்ந்து ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். எட்டுச் சிறுவர் சிறுமியர், இளையோர். நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியே பலூனை அனுப்பி மைட்ரல் வால்வை விரித்த விவரம் அதில் இருந்தது. ஜப்பானின் கான்ஜி இனோவே வடிவமைத்த பலூன் இந்த முறையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. தொடைச் சிரையில் நுழைந்த குழாய் வல மேலறைக்கு ஏறுகிறது. இரு மேலறைகளுக்கும் இடையிலுள்ள தடுப்பை நீண்ட ஊசி துளைக்கிறது. எங்கள் வேலையில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் நொடி அது. ஊசி ஒரு விரற்கடை பிசகினால் மகாதமனியிலோ இதய உறையிலோ இறங்கிவிடும். பிறகு பலூன் வால்வைத் தாண்டிப் போய் முன்பாதி மட்டும் விரிகிறது. பின்னுக்கு இழுத்தால் வால்வில் போய்ச் சிக்கி நிற்கிறது. பின்பாதி விரிகிறது. நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கியிருக்கும் பகுதி கடைசியாகச் சட்டென்று விரியும்போது ஒட்டிய இதழ்கள் பிரிகின்றன. எல்லாம் சில நொடி. மேலறையின் அழுத்தம் திரையில் உடனே இறங்குவதைப் பார்க்கலாம். அடுத்த நாளே நோயாளி படியேறுவார்.

ஆனால் பலூனின் விலையைக் கட்டிக்கொடுக்க அந்த நோயாளிகளால் முடியாது. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டியது என்று உறையில் அச்சிட்டிருந்த பலூனை இந்திய மருத்துவமனைகள் கழுவி, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தின. பிரான்ஸின் அலென் கிரிபியே, இதே தேவையை மனதில் வைத்து, திரும்பத் திரும்பக் கொதியழுத்தத்தில் கிருமி நீக்கக்கூடிய உலோக விரிப்பானையே உருவாக்கினார். மறுபயன்பாட்டைக் குற்றமாகப் பேசுபவர்கள் உண்டு. கிருமி நீக்கும் முறை எழுதி வைக்கப்பட்டு, ஒவ்வொரு பலூனும் எத்தனை முறை போனது என்று கணக்கு இருந்து, நோயாளிக்கும் சொல்லப்பட்டால் அது குற்றமல்ல என்பது என் கருத்து. கணக்கில்லாமல் செய்தால் அது குற்றமே. ஏழை நாட்டு மருத்துவமனை என்பதால் பதிவேடு எழுதாமல் இருக்க யாருக்கும் உரிமை கிடையாது.

வெளியிலிருந்து வருவதை ஏற்றுக்கொள்வதில் மட்டுமல்ல, மறுப்பதிலும் ஒரு தேசிய மருத்துவமனைக்கு வேலை உண்டு. மகாதமனி வால்வு கெட்டவருக்கு அவருடைய நுரையீரல் தமனியின் வால்வையே எடுத்து அந்த இடத்தில் பொருத்தும் ராஸ் அறுவை, மேலைநாட்டு இளைஞர்களுக்கு நல்ல பலன் தந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டாம், வால்வு உடலோடு சேர்ந்தே வாழும். நம் இளைஞர்களுக்கு இதைவிட என்ன வேண்டும் என்றுதான் தோன்றும். எய்ம்ஸின் அறுவை மருத்துவர்கள் அதைச் செய்தார்கள், செய்துவிட்டு நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். ருமாட்டிக் நோய் உள்ள இளம் வயதினரிடம் அந்த மாற்றிய வால்வையும் அதே நோய் தாக்கி, கசிய வைத்தது. அந்த வயதினருக்கு இந்த அறுவை ஏற்றதல்ல என்று அவர்களே எழுதினார்கள். தாங்கள் செய்த அறுவையின் தோல்வியைத் தாங்களே அளந்து வெளியிட்ட அந்தக் கட்டுரைகளை நான் எந்த வெற்றிக்கும் மேலாக மதிக்கிறேன். அவை அச்சில் வந்ததால் மற்ற மருத்துவமனைகளில் எத்தனை பிள்ளைகள் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பினார்கள் என்பதை யாரும் எண்ணவில்லை, எண்ணவும் முடியாது.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம். இதய மாற்று போன்ற முதல் சாதனைகள் இல்லாமல் போனால் அரசு பணம் ஒதுக்காது, திறமையான இளைஞர்கள் வரமாட்டார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு வளராது, ஆகவே அந்தச் சாதனைகளைக் கீழே வைப்பது நன்றிகெட்ட பேச்சு என்பார். இதில் பாதி உண்மை. பெரிய அறுவைக்குத் தயாராகும் குழு சிறிய அறுவைகளையும் நன்றாகச் செய்யும் என்பது எங்கள் அனுபவம். ஆனால் இதய மாற்றின் வரலாற்றையே எடுத்துப் பாருங்கள். கேப்டவுனில் பர்னார்ட் 1967 டிசம்பரில் செய்த சில வாரங்களில், 1968 பிப்ரவரியில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் இதய மாற்று செய்தார். கைத்திறன் நம்மிடம் அன்றே இருந்தது. நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் நல்ல மருந்து அப்போது உலகில் எங்கும் இல்லை. மூளைச்சாவை மரணமாக ஏற்கும் சட்டம் இங்கே இல்லை. 1994 ஜூலையில் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது, ஆகஸ்டில் எய்ம்ஸ் செய்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் நாட்டில் இதய மாற்று மிக அரிதாகவே நடந்தது. தமிழ்நாட்டில் 2008இல் மூளைச்சாவைச் சான்றளிப்பது எப்படி, உறுப்பு யாருக்கு எந்த வரிசையில் போகும் என்று அரசாணைகள் போட்டு ஒழுங்குபடுத்திய பிறகுதான் இந்த அறுவை ஒரு மாநிலத்தில் வழக்கமான சிகிச்சையாகத் தலையெடுத்தது. ஆக, முதல் அறுவையைச் செய்தது ஒரு கத்தி. ஐம்பதாவது அறுவையைச் சாத்தியமாக்கியது ஒரு பதிவேடும் ஓர் அரசாணையும். சாதனையைப் போற்றுபவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் போற்ற வேண்டும்.

வால்வு மாற்று அறுவையிலும் இதே கதைதான். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் பல தோல்விகளுக்குப் பிறகு உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு டி.டி.கே. நிறுவனம் தயாரித்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. விலை குறைந்தது, வால்வு கிடைத்தது. ஆனால் உலோக வால்வு பொருத்தியவர் ஆயுள் முழுவதும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், அது சரியான அளவில் இருக்கிறதா என்று மாதம்தோறும் ஐஎன்ஆர் என்னும் இரத்தச் சோதனை செய்து பார்க்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டும், கூடினால் மூளையில் கசியும். கிராமத்தில் இருப்பவருக்கு அந்தச் சோதனை எங்கே கிடைக்கும்? மாத்திரை விட்டுப்போய், வால்வு அடைத்து, நீலம் பாரித்து வரும் நோயாளி எங்கள் இரவுப் பணியில் அடிக்கடி வருபவர். பணக்கார நாடுகளில் உடனே மறு அறுவை செய்வார்கள். இங்கே பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் செலுத்திக் கட்டியைக் கரைக்கப் பார்க்கிறோம். அந்த மருந்தை வேகமாகக் கொடுத்தால் நல்லதா, மெதுவாகக் கொடுத்தால் நல்லதா? எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயனும் அவருடைய குழுவினரும் 120 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். வேகமாகக் கொடுப்பதால் தெளிவான ஆதாயம் எதுவும் தெரியவில்லை. மிகச் சாதாரணமான முடிவு என்று தோன்றும். ஆனால் இந்தக் கேள்வியை லண்டனிலோ பாஸ்டனிலோ யாரும் கேட்க மாட்டார்கள், அங்கே அந்த நோயாளிகளே இல்லை.

அதே கார்த்திகேயன் கனடாவின் ஸ்டூவர்ட் கானலியோடு சேர்ந்து நடத்திய இன்விக்டஸ் ஆய்வு இந்த வரிசையின் உச்சம் என்று சொல்வேன். ருமாட்டிக் இதய நோயோடு இதயத் துடிப்பு ஒழுங்கு கெட்டவர்களுக்கு வார்ஃபரின் வகை மாத்திரையா, இரத்தச் சோதனை தேவைப்படாத புதிய மாத்திரையான ரிவரோக்சபானா? புதியதுதான் வெல்லும் என்று, நான் உட்பட, பெரும்பாலோர் நினைத்தோம். ஐஎன்ஆர் தொல்லை தீர்ந்தது என்று பலர் அதை எழுதவும் தொடங்கிவிட்டார்கள். 24 நாடுகளில் நடந்து 2022இல் வெளியான முடிவு நேர்மாறானது. பக்கவாதம், மாரடைப்பு, இரத்தக்குழாய் சார்ந்த மரணம் போன்றவை எல்லாம் சேர்த்து, ரிவரோக்சபான் சாப்பிட்ட 2,275 பேரில் 560 பேருக்கு நேர்ந்தது. பழைய மாத்திரை சாப்பிட்ட 2,256 பேரில் 446 பேருக்குத்தான் நேர்ந்தது. பழைய, மலிவான மாத்திரையே உயிரைக் காத்தது. இந்தச் செய்தியை எந்த மருந்து நிறுவனமும் தன் விற்பனையாளரை அனுப்பி மருத்துவரிடம் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு பொது மருத்துவமனை வேண்டும்.

சரி, ருமாட்டிக் நோயையே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, அது போன நூற்றாண்டின் நோய் அல்லவா, இன்று நாட்டைக் கொல்வது மாரடைப்பல்லவா என்பது அடுத்த மறுப்பு. இதுவே வலுவான மறுப்பு. உண்மையில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் புதிய ருமாட்டிக் நோயாளிகள் பெரிதும் குறைந்துவிட்டார்கள். மாரடைப்போ கூடிவருகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59இல் என்று இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. ஆனால் மாரடைப்புக்கும் என் அளவுகோலே பொருந்துகிறது. இரத்தக்குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கிடைக்கும் என்பது ரோட்டர்டாமின் கணக்கு. ராமநாதபுரத்துக் கிராமத்தில் நெஞ்சுவலி வந்தவருக்கு அது பொருந்தாது. அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் இணைப்பு முறையைத் தமிழ்நாட்டில் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் 2,420 நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள், ஓராண்டு இறப்பு குறைந்தது. 2017இல் அது வெளியானது. 2023இல் தமிழ்நாடு அரசின் இதயம் காப்போம் திட்டம் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் அளவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்க வைத்தது. எய்ம்ஸும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2019இல் தொடங்கிய மிஷன் டெல்லி, எய்ம்ஸைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குள் மோட்டார் சைக்கிளில் செவிலியரை அனுப்பி, வீட்டிலேயே ஈசிஜி எடுத்துச் சிகிச்சையைத் தொடங்கியது. டெல்லியின் போக்குவரத்தில் ஆம்புலன்ஸ் நகராது என்று தெரிந்தவர்கள் எழுப்பிய கேள்வி அது.

ருமாட்டிக் நோய் முடிந்துவிட்டது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எய்ம்ஸின் அனிதா சக்சேனாவும் குழுவினரும் அரியானாவின் பல்லப்கர் பகுதியில் 5 முதல் 15 வயதுவரையிலான 6,270 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2011இல் எழுதினார்கள். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டதில் ஆயிரத்துக்கு 0.8 பேருக்கு நோய். எக்கோ வைத்துப் பார்த்ததில் ஆயிரத்துக்கு 20.4. டெல்லியின் நிழலிலேயே இந்த நிலை. எக்கோவில் மட்டும் தெரியும் இந்தச் சிறு கேட்டில் எல்லாமே பெரிதாக வளர்வதில்லை என்பது உண்மை. ஆனால் உகாண்டாவில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், மாதந்தோறும் பென்சாத்தின் பெனிசிலின் ஊசி பெற்ற பிள்ளைகளில் நோய் முற்றியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, பெறாதவர்களில் நூற்றுக்கு எட்டு. ஆகவே யாருக்கு ஊசி போட வேண்டும் என்ற கேள்வி நம் முன்னால்தான் இருக்கிறது. ஒவ்வாமைக்குப் பயந்து அந்த ஊசியைப் போடவே மறுக்கும் மருத்துவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். மருந்தும் பல ஊர்களில் எப்போதும் கிடைப்பதில்லை.

தனியார் மருத்துவமனைகளும் காப்பீடும் வந்த பிறகு தேசிய மருத்துவமனையின் தேவை குறைந்துவிட்டது என்று கொள்கை பேசுபவர்கள் சொல்கிறார்கள். தனியாரின் பங்கை நான் மறுக்கவில்லை. எய்ம்ஸில் படித்தவர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். எய்ம்ஸ் எல்லாவற்றிலும் முதலில் நின்றதும் இல்லை: நாட்டின் முதல் பைபாஸ் அறுவையை 1975இல் கே.எம். செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். 2009இல் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸில் நடந்த பைபாஸ் அறுவையை மும்பைத் தனியார் மருத்துவமனையின் ராமகாந்த பாண்டாவின் குழு செய்தது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஏழைகளுக்கு அறுவை அறையின் கதவைத் திறந்தன. அதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆனால் இந்தத் திட்டங்கள் பணம் தருவது பெரும்பாலும் சேர்க்கைக்கும் செயல்முறைக்கும். ஸ்டென்ட் வைத்தால் பணம் உண்டு, வால்வு மாற்றினால் பணம் உண்டு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டு அந்த வால்வைக் கெடாமல் காத்தவருக்கு யாரும் பணம் தருவதில்லை. மாதந்தோறும் ஐஎன்ஆர் பார்ப்பவருக்கும் இல்லை. 2017 பிப்ரவரியில் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை 29,600 ரூபாயாக வரையறுத்தபோது, அதுவரை நோயாளிகள் அதைப்போல் நான்கு மடங்கு கொடுத்து வந்தது வெளிச்சத்துக்கு வந்தது. விலையை யாரும் கேள்வி கேட்காத சந்தையில், தொடர் கவனிப்பு தானாக வளராது.

கடைசியாக, எய்ம்ஸின் வரிசையே அதன் தோல்விக்குச் சாட்சி என்பார்கள். அறுவைக்குத் தேதி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது, நடைபாதையில் நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அந்த வரிசையில் காத்திருந்தே இறந்தவர்கள் உண்டு, அதைக் கூச்சமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். ஐஎன்ஆர் சோதனைக்காக, மருந்துச் சீட்டைப் புதுப்பிக்க, ஒரு எக்கோவுக்காக முந்நூறு கிலோமீட்டர் வருபவர்கள் அங்கே ஏராளம். மாவட்ட மருத்துவமனையில் ஒரு ஐஎன்ஆர் கருவியும் பயிற்சி பெற்ற செவிலியரும் இருந்தால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். எய்ம்ஸின் கட்டடத்தைப் பெரிதாக்கினால் வரிசை குறையாது. எய்ம்ஸ் கண்டறிந்ததை மாவட்டம் செய்யத் தொடங்கினால் குறையும். ஆசிரியர்களை உருவாக்க 1956இல் தொடங்கிய நிறுவனத்தின் வேலையும் அதுவே.

இப்போது நம் ஊரிலும் ஓர் எய்ம்ஸ் வருகிறது. மதுரை தோப்பூரில் 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். முதல் மாணவர்கள் 2022இல் ராமநாதபுரத்தில் படிக்கத் தொடங்கினார்கள். அங்கே இதயப் பிரிவு திறக்கும் நாளில் இதய மாற்று எப்போது நடக்கும் என்று செய்தியாளர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர்களிடம் இத்தொழிலில் இருப்பவனாக நான் கேட்டுக்கொள்வது இது: தென் மாவட்டங்களில் வால்வு மாற்றியவர், பலூன் போட்டவர், பெனிசிலின் ஊசியில் இருப்பவர், மாரடைப்புக்குப் பின் மாத்திரை சாப்பிடுபவர் ஒவ்வொருவரின் பெயரும் உள்ள பதிவேட்டை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். சிவகங்கையிலும் விருதுநகரிலும் தேனியிலும் ஐஎன்ஆர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். யார் வரவில்லை என்று ஒவ்வொரு மாதமும் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆளை நியமியுங்கள். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கை, இறந்தவர்களின் எண்ணிக்கையோடு, தமிழில் அச்சிட்டு வெளியிடுங்கள்.